நீண்ட கழுத்து: உயரத்துக்கா, நடையைக் குறைக்கவா?

ஹட்டன் ஆசிரியை:
பேராதனைப் பூங்காவில், டைனோசர் காலத்திலும் இருந்த ஊசியிலை மர வகையான அரோக்கேரியாவின் வரிசையின் கீழ் நின்றபோது, "இவற்றின் உச்சியைத் தின்னத்தான் சோரோபொட் என்னும் நீண்ட கழுத்துத் தாவரவுண்ணி டைனோசர்களுக்குக் கழுத்து நீண்டதா?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழுந்து பறிக்கும் பெண், நிரையில் ஓரிடத்தில் நின்று கை எட்டும் மட்டும் பறித்த பிறகுதான் அடுத்த அடி வைக்கிறாள். ஏனெனில் சரிவில் வைக்கும் ஒவ்வோர் அடியும் உடலின் வலுவைக் குடிக்கும். பல பத்துத் தொன் எடையுள்ள விலங்குக்கு நடை இன்னும் பெரிய செலவு. நின்ற இடத்திலிருந்தே கழுத்தை இடமும் வலமும் வீசி மேய்ந்தால் அச்செலவு குறையும். இதுவே கழுத்து நீண்டதற்கு முதற் காரணம் என்பது என் நிலைப்பாடு.

பண்டாரவளை வாசகர்:
ஆசிரியை அவர்களே, உவமை நம் மலைக்குப் பொருத்தமானதுதான். ஆனால் தேயிலை இடுப்பளவில் நிற்பது நாம் கவ்வாத்து வெட்டுவதால். சோரோபொட்டுகள் வாழ்ந்த யுராசிக் காலத்து ஊசியிலை மரங்களை எவரும் வெட்டவில்லை. தன்சானியாவின் தெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை தோண்டியெடுக்கப்பட்டு, பெர்லினில் 13 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கும் ஜிராபாடைட்டன் என்ற சோரோபொட்டின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். அதன் முன்னங்கால்கள் பின்னங்கால்களை விட நீளமானவை; தோள் உயர்ந்து நிற்கிறது. தரையை மேய்வதற்கு அத்தகைய உடல் எதற்கு?

ஹட்டன் ஆசிரியை:
ஜிராபாடைட்டனைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எனினும் டிப்ளோடோகஸ் என்ற இன்னொரு சோரோபொட்டின் முன்னங்கால்கள் பின்னங்கால்களை விடக் குட்டையானவை, அதன் வாய் முனையும் சதுரமாக அகன்றது; இது தாழ்வாக மேய்வதற்கு ஏற்ற அமைப்பு. குருதியையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரக் குருதி நிரலுக்கு ஏறத்தாழ 77 மில்லிமீட்டர் பாதரச அமுக்கம் தேவை. இதயத்துக்கு 8 மீட்டர் மேலே தலையை வைத்திருக்க 600ஐ விட அதிகம் வேண்டும். மனிதரில் அது 120 அளவில் உள்ளது. அவ்வளவு வலிய இதயத்தை நாள் முழுவதும் இயக்குவதற்கான உணவை அந்த இலைகளே தந்திருக்க வேண்டும்.

கண்டி மருத்துவர்:
கழுத்து எதற்கு என்று இருவரும் வாதிடுகிறீர்கள். அது எவ்வாறு நீள முடிந்தது என்பதே எனக்கு அதைவிட வியப்பு. யானை கடைவாய்ப் பற்களால் அரைத்து உண்பதால் அதன் தலை பாரமானது. நீண்ட கழுத்து அதைத் தாங்காது. சோரோபொட்டுகளோ மெல்லவில்லை, இலையை உருவி விழுங்கின. அரைக்கும் பெருந்தாடை தேவைப்படாததால் தலை சிறிதாகவே இருந்தது. முள்ளந்தண்டென்புகளுக்குள் பறவைகளில் உள்ளது போன்ற காற்றுப்பைகள் புகுந்திருந்தன. சீனாவின் மாமென்கிசோரஸ் என்ற சோரோபொட் வகையில் இனம் ஒன்றின் கழுத்து ஏறத்தாழ 15 மீட்டர் என 2023இல் கணிக்கப்பட்டது. அவ்வென்புகளின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றே. அவ்வளவு நீண்ட மூச்சுக்குழலில் தேங்கும் பழைய காற்றை ஈடுசெய்ய, நம்மைப் போன்ற சுவாசப்பை போதாது. காற்றுப்பைகள் அங்கும் உதவியிருக்கும்.

பண்டாரவளை வாசகர்:
மருத்துவர் ஐயாவின் விளக்கம் என் பக்கத்துக்கும் உதவுகிறது. இலேசான கழுத்தை உயர்த்துவதும் எளிது. என்புகளை மட்டும் பொருத்திப் பார்த்து, கழுத்து கிடையாகவே இருந்தது என்பவர்கள், இடையிலிருந்த கசியிழையம் உயிர்ச்சுவட்டில் எஞ்சுவதில்லை என்பதை மறக்கிறார்கள். வயலில் நிற்கும் கொக்கைப் பாருங்கள்: விழிப்போடு இருக்கும்போது கழுத்தின் அடிப்பகுதி மேல்நோக்கியும் தலை முன்நோக்கியும் வளைந்திருக்கும். ஆசிரியை சொன்ன அமுக்கமும் தலை உச்சியில் இருக்கும் நேரத்துக்கே தேவை, தாழ்த்தும்போது குறைந்துவிடும். வரட்சியில் கீழ்மட்டத்துப் பசுமை தீர்ந்த பின், வேறெந்த விலங்கும் எட்டாத அரோக்கேரியா இலையை அரைமணி நேரம் உண்ணக் கிடைத்தாலும் அச்செலவுக்கு அது தகும். அவ்விலை வயிற்றில் மெதுவாகப் புளித்தாலும், பல நாள் தங்கும்போது நல்ல சக்தியைத் தருகிறது. மெல்லாத விலங்கின் பெரிய குடலில் உணவு அவ்வளவு காலம் தங்கியிருக்கும்.

ஹட்டன் ஆசிரியை:
அரைமணி நேரம் என்றால் மறுக்கமாட்டேன். மீதி நாள் முழுவதும் அக்கழுத்து எங்கே மேய்ந்தது என்பதே என் கேள்வி.