பெண்கள் வரலாறு தேடுபவர்களின் பகிர்வு: ஆவணத்தில் பெயர் எங்கே கிடைக்கிறது, எங்கே நழுவுகிறது

இதழியல் ஆய்வாளர், சென்னை

பழைய தமிழ் இதழ்களில் பெண்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பொருளடக்கத்தைப் பார்த்து, வேண்டிய கட்டுரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த தொகுதிக்குப் போய்விடுகிறார்கள். அந்த அவசரத்தில் பாதி வரலாறு விட்டுப்போகிறது. கட்டுரைகளைவிட ஓரங்களில்தான் பெண்களின் பெயர்கள் அதிகம். வாசகர் கடிதம், மாநாட்டு வரவேற்புக் குழுப் பட்டியல், நன்கொடைக் கணக்கு, சுயமரியாதைத் திருமணச் செய்தியில் வாழ்த்திப் பேசியவர்கள் வரிசை, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சிட்டவர், வெளியிட்டவர் வரி என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

அந்த வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1867-ஆம் ஆண்டு அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வோர் இதழிலும் அந்தப் பெயர்கள் இருந்தாக வேண்டியிருந்தது. வழக்கு வந்தால் கூண்டில் ஏறவேண்டியவரும் அந்தப் பெயருக்குரியவர்தான். 1933 அக்டோபர் 29 ‘குடிஅரசு’ தலையங்கத்துக்காக அரசு வழக்குத் தொடுத்தபோது பெரியாரோடு தண்டிக்கப்பட்டவர் அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். வெளியீட்டாளர் பொறுப்பு அவர் பெயரில் இருந்தது. ‘சும்மா பெயருக்குப் போட்டிருப்பார்கள்’ என்று சில ஆய்வேடுகளில் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். சிறைக்குப் போன ஒருவரை அப்படிக் கடந்துபோவது நியாயமே இல்லை. வெளியீட்டாளர் பெயர் ஒரு மலரின் (ஆண்டுத் தொகுதியின்) நடுவிலேயே மாறலாம். ஆகவே ஒவ்வோர் இதழின் அந்த வரியையும் தனியாகப் படம் எடுத்து, தேதி போட்டு அட்டவணையில் ஏற்றிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் பைண்டிங். ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. சந்தா விவரம், முகவர் பட்டியல், ‘பெண்களுக்குச் சலுகை விலை’ போன்ற அறிவிப்புகள் எல்லாம் அட்டையில்தான் இருக்கும். ஒரு நூலகத்தில் கட்டிய தொகுதி கிடைத்தால் அதோடு திருப்தி அடையாமல், உதிரி இதழ் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அட்டையோடு கூடிய உதிரிகளைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த தொகுப்பு அது. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியதால் சிதறாமல் தப்பியது.

தேதியிலும் கவனம் தேவை. பல இதழ்கள் ‘சுக்கில, தை’ என்று மட்டும் போடும். சுக்கில ஆண்டு 1929 ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது, ஆனால் அதன் தை மாதம் 1930 ஜனவரியில் வருகிறது. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஆங்கில ஆண்டை ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் 1869-உம் சுக்கிலதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசுரத்தை இருபதாம் நூற்றாண்டில் வைத்துவிடும் பிழை இங்கிருந்துதான் வருகிறது. எழுத்துரு, விலை, அச்சகத்தின் பெயர் மூன்றையும் பார்த்தால் தெளிந்துவிடும்.

நூற்பட்டியல் தொகுப்பவர், மதுரை

மேலே சொன்ன 1867 சட்டத்தின் இன்னொரு பயன்: அந்தச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சான நூல்களின் பட்டியலை அரசிதழோடு சேர்த்து வெளியிட்டது. தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சான ஊர், அச்சகம், வெளிவந்த தேதி, பக்கம், அளவு, பதிப்பு, எத்தனை படி, விலை, பதிப்புரிமை யாருடையது என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெண் எழுத்தாளர்களைத் தேட இதற்கு இணையான ஒன்று கிடையாது.

ஆசிரியர் கட்டத்தை மட்டும் பார்க்காமல் பதிப்புரிமைக் கட்டத்தையும் பாருங்கள். நூலை எழுதியவர் ஆணாக இருந்து உரிமை ஒரு பெண் பெயரில் இருக்கும் இடங்கள் உண்டு. கணவர் இறந்தபின் அச்சகத்தையோ பதிப்பகத்தையோ நடத்திய பெண்களைப் பிடிக்க இதுதான் வழி. படி எண்ணிக்கையும் முக்கியம். 250 படி அச்சிட்ட நூலையும் 2000 படி அச்சிட்ட நூலையும் ஒரே எடையில் வைத்து ‘அக்காலத்தில் பரவலாகப் படிக்கப்பட்டது’ என்று எழுதக் கூடாது.

ஒரு குறை: பதிவுக்கு வந்தது மட்டுமே பட்டியலில் இருக்கும். காலணா, அரையணாவுக்குத் தெருவில் விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஆய்வாளர்

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: துறைத் தலைவரின் அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டவை. ஒவ்வோர் ஆண்டுக்கும் அகரவரிசைக் குறிப்பு நூல் உண்டு, அதுவும் ஆங்கிலத்தில். அதில் ‘விமன்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். ‘டான்சிங் கேர்ள்ஸ்’, ‘தாசி’, ‘இனாம்’, ‘டெம்பிள்’, ‘மிட்வைஃப்’, ‘ஃபீமேல் எஜுகேஷன்’, ‘விடோஸ்’ என்று பத்துத் தலைப்பிலாவது பார்க்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரின் கடைசி எழுத்தே ஆங்கிலத்தில் ‘ஒய்’ என்றும் ‘ஐ’ என்றும் இரண்டு விதமாக வருகிறது.

அரசாணையைக் கேட்டுச் சீட்டு எழுதும்போது அதன் எண், தேதி, துறை மூன்றும் வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் எண் முதலிலிருந்து தொடங்கும், துறைக்குத் துறை தனி வரிசை. எண் மட்டும் குறித்து வந்தால் அது எதற்கும் உதவாது. கோப்பு இல்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின் வந்த ஆணையில் முந்தைய தாள்களின் எண்கள் குறிக்கப்பட்டிருக்கும், பல சமயம் பழைய மனுவின் நகலே அதில் சேர்ந்திருக்கும்.

தேவதாசி ஒழிப்புச் சட்ட வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 நவம்பரில் சட்ட மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த தீர்மானம், 1929-இல் அறநிலையச் சட்டத்துக்கு வந்த திருத்தம், 1947-இல் வந்த சட்டம் என்று மூன்று கட்டம். முதல் கட்டத்துக்கான பொருள் எளிதில் கிடைக்கும். மேலவை நடவடிக்கைகள் அச்சில் இருக்கின்றன, அவருடைய தாள்கள் டெல்லி தீன்மூர்த்தி நூலகத்தில் இருக்கின்றன, இந்திய மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’ இதழ் இருக்கிறது. இப்படி எளிதாகக் கிடைப்பதாலேயே வரலாறு ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தீர்மானத்தை எதிர்த்து மனுக் கொடுத்ததும் தேவதாசிப் பெண்கள்தாம். அந்த மனுக்களை அரசாணையின் பின்னிணைப்பில்தான் தேட வேண்டும். 1929 திருத்தம் இனாம் (மானிய) நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்துப் பெண்களுக்கே உரிமையாக்குவது பற்றியது, ஆகவே வருவாய்த் துறைக் கோப்புகளையும் பார்க்காமல் அந்தக் கதை முடியாது. மூன்றாவது ஒரு குரலும் உண்டு. அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே அந்த முறையை எதிர்த்தவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1936-இல் வந்த அவருடைய ‘தாசிகள் மோசவலை’ நாவலை இந்தக் கோப்புகளோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். மூன்றையும் படிக்காமல் ‘தேவதாசிகள் இப்படி நினைத்தார்கள்’ என்று எழுதும் துணிச்சல் யாருக்கும் வரக் கூடாது.

மனுவைப் பார்க்கும்போது கடைசித் தாளை விடாதீர்கள். கையெழுத்து எத்தனை, கைநாட்டு எத்தனை, தமிழில் எத்தனை, தெலுங்கில் எத்தனை என்று எண்ணுங்கள். மனுவின் வாசகம் ஒரு வக்கீலுடையதாக இருக்கலாம். கையெழுத்து அவர்களுடையது.

கல்வெட்டு படிப்பவர், தஞ்சாவூர்

மேலே உள்ள தேவதாசி விவாதத்தைச் சோழர் காலத்துக்கு அப்படியே கொண்டுபோகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண், தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலைச் சேர்ந்த குடியிருப்பில் வைக்கப்பட்ட கோயிற்பெண்கள், 400 பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பங்கு எத்தனை என்று வருகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் 400 பெண்களின் பெயரும் முகவரியும் வரிசையாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு! இதை ‘400 நடனமாதர்’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகிறார்கள்.

சுருக்கத்தை நம்பாமல் மூலத்தை முழுதாகப் படியுங்கள். பெயர், ஊர், கோயில், சேரி, சிறகு, வீட்டெண் என்று ஆறு பத்தி போட்டு நிரப்பினால் யார் யார் ஒரே ஊரிலிருந்து வந்தார்கள், பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைக்கப்பட்டார்களா என்பது தெரியவரும். பிற்காலக் கோயில்களில் பெண்கள் தாங்களே கொடையாளிகளாக வருகிறார்கள். ஆய்வாளர் லெஸ்லி ஓர் (Leslie Orr) அந்தக் கல்வெட்டுகளை எண்ணிக் காட்டிய பிறகும், அவர்களை வெறும் கொடைப்பொருளாக எழுதுவது தொடர்கிறது.

வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர், நாகப்பட்டினம் வட்டாரம்

எழுத்தில் இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை, குரலைத்தான் பதிய வேண்டும். விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களின் நினைவில் இருந்து வந்தது.

பெண்களைப் பேட்டி எடுக்கும்போது முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கும். கேள்வி அம்மாவிடம், பதில் மகனிடமிருந்து வரும். அதைத் தடுக்கப் போனால் மனக்கசப்பு. மகனுக்கென்று தனியாக அரை மணி நேரம் முதலில் ஒதுக்கிப் பதிந்துவிட்டால், பிறகு அம்மாவைத் தனியாக விடுவார்கள். நேரம் முக்கியம். நடவு, அறுப்பு நாட்களில் போகாதீர்கள். சமையல் முடிந்த பிற்பகல், மாலை வேலை தொடங்கும் முன், அந்த இடைவெளிதான் அவர்களுடையது.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?’, ‘வெண்மணிக்கு அப்போ உங்களுக்கு எத்தனை குழந்தை?’, ‘எம்.ஜி.ஆர். செத்தப்போ எங்க இருந்தீங்க?’ என்று கேட்டால் 1964, 1968, 1987 என்று மூன்று முளை கிடைக்கும், மற்றதை அவற்றுக்கு நடுவே கட்டிக்கொள்ளலாம்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு முதுகு காட்டி மைக்கை வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை வட்டார வழக்கு கெடாமல் எழுதியெடுக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இதைச் சேர்க்காதவர்கள்தான் கடைசியில் எழுதியெடுக்காத பதிவுகளோடு நிற்கிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்து போதாது. சொந்தப் பெயரா மாற்றுப் பெயரா, குரலை இணையத்தில் போடலாமா, எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். படித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதையும் குரலாகவே பதியுங்கள்.

சஞ்சிகை ஆய்வாளர், கொழும்பு

இலங்கைப் பக்கம் தேடுகிறவர்கள் தமிழ்நாட்டு நூலகங்களோடு நின்றுவிடக் கூடாது. ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் சஞ்சிகைகள், மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. பாடசாலை ஆண்டு மலர்களையும் சங்க நினைவு மலர்களையும் பலர் தொடுவதே இல்லை. பெண் ஆசிரியர்களின் பெயரும் படமும் அங்கேதான் இருக்கும்.

மலையகத்துக்கு வந்தால் மீனாட்சியம்மாள் நடேசய்யரை அவருடைய கணவரின் தொழிற்சங்க வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக வைப்பதுதான் வழக்கம். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாடிய பாட்டுகள் சிறு பிரசுரங்களாக அச்சானவை. அவற்றை அரசியல் ஆவணமாகவே படிக்க வேண்டும். பாட்டு என்பதால் இலக்கியப் பகுதியில் பட்டியலிட்டிருப்பார்கள், தொழிலாளர் வரலாறு என்ற தலைப்பில் தேடினால் அகப்படாது.

பேராசிரியர், பெண்ணியல் துறை

ஆவணம் பற்றி எல்லாரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆய்வுச் சமூகம் பற்றி இரண்டு விஷயம் மட்டும்.

இந்தத் துறை இந்தியாவில் ஓர் அரசு அறிக்கையிலிருந்தும் சில பிடிவாதக்காரப் பெண்களிடமிருந்தும் பிறந்தது. 1974-இல் பெண்களின் நிலை குறித்த குழுவின் அறிக்கை வந்தது, வீணா மஜும்தார் அதன் உறுப்பினர் செயலர். அதே ஆண்டு பம்பாய் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1981-இல் அங்கேயே முதல் தேசிய மாநாடு, 1982-இல் இந்திய பெண்ணியல் ஆய்வுச் சங்கம். 1988-இல் சி.எஸ். லக்ஷ்மி, நாம் எழுத்தாளர் அம்பை என்று அறிந்தவர், வேறிருவரோடு சேர்ந்து பம்பாயில் பெண்கள் பற்றிய ஸ்பாரோ ஆவணகத்தைத் தொடங்கினார். குரலும் படமும் ஆவணம்தான் என்று நிறுவியதில் அதன் பங்கு பெரிது. ஆய்வு மாணவர்கள் இந்தப் பெண்ணியல் ஆய்வுச் சங்கத்தில் உறுப்பினராகி, அதன் மாநாட்டில் தங்கள் பொருளுக்குரிய அமர்வுக்குச் சுருக்கம் அனுப்புவது நல்லது. வழிகாட்டிக்குத் தெரியாத கோப்பு எண் அங்கே தேநீர் இடைவேளையில் கிடைக்கும்.

இரண்டாவது, கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். தமிழில் வந்த தொகுப்புகளிலிருந்து மேற்கோளை எடுத்து, தொகுத்தவர் பெயரை விட்டுவிட்டு, மூல இதழை நேரே பார்த்ததுபோல ஆங்கிலக் கட்டுரையில் எழுதுகிறார்கள். பத்து நூலகம் ஏறி இறங்கித் தொகுத்தவர்களில் பலர் பல்கலைக்கழகப் பதவி இல்லாதவர்கள். பெண்களின் பெயர் ஆவணத்தில் விடுபட்டதைப் பற்றி எழுதுகிற கட்டுரையிலேயே இது நடக்கிறது. தொகுப்பில் பார்த்தால் ‘இன்னார் தொகுப்பில் கண்டது’ என்று போடுங்கள். தொகுப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அது உங்கள் கட்டுரையிலும் அப்படியே வரும், யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதழியல் ஆய்வாளர், சென்னை

1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான பெண்களின் பெயர்களை எப்படித் தேடுவது என்று தனியே கேட்டிருந்தவருக்கு: நவம்பர் 13 சென்னைப் பெண்கள் மாநாட்டுக்கு மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. அதைத் தொடர்ந்து இந்தி எதிர்ப்பு மறியலில் கைதான பெண்களில் டாக்டர் தருமாம்பாள், ராமாமிர்தம் அம்மையார் பெயர்கள் மட்டும் எல்லா நூலிலும் திரும்பத் திரும்ப வரும். மற்றவர்களுக்கு ‘குடிஅரசு’, ‘விடுதலை’ இரண்டிலும் கைது, தண்டனை, விடுதலை, வரவேற்பு என்று நான்கு செய்திகளையும் தேதிவாரியாகப் பாருங்கள். கைதுச் செய்தியில் முன்னெழுத்து மட்டும் இருப்பவர் விடுதலைச் செய்தியில் ஊரோடு வருவார், வரவேற்புச் செய்தியில் இன்னாருடைய தாயார், தங்கை என்று உறவோடு வருவார். போலீஸ் அறிக்கையில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் இருக்கும். அந்த எண்ணிக்கையையும் பத்திரிகையில் கிடைத்த பெயர்களையும் நாள்வாரியாக ஒப்பிட்டால், பெயர் தெரியாதவர் இன்னும் எத்தனை பேர் என்று வந்துவிடும். அந்த எண்ணையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.