போலீஸோட சேந்து போற டீம்ல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

மக்களே, மனநல நெருக்கடின்னு கால் வந்தா போலீஸும் சைக்யாட்ரிக் நர்ஸும் ஒரே வண்டியில போற டீம்ல யாராச்சும் வேலை பாத்திருக்கீங்களா? நான் நர்ஸ், சீக்கிரமே சேரப்போறேன். 1988ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல ஆரம்பிச்ச சிஐடி (CIT, மனநல நெருக்கடியைக் கையாள போலீஸைத் தயார் பண்ற திட்டம்), அதுல போலீஸுக்கு 40 மணி நேர ட்ரெயினிங், அதே அமெரிக்காவுல டென்வர்ல 2020லேர்ந்து போலீஸே இல்லாம போற ஸ்டார் டீம், இதெல்லாம் படிச்சாச்சு, ஆனா கதவைத் தட்டுனதும் உள்ள ஒருத்தர் கத்திட்டு இருக்காரு, கையில என்ன இருக்குன்னு தெரியல, அப்போ முதல்ல பேசறது நானா போலீஸா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பேசுனா அவருக்கு இன்னும் பதட்டம்தான் ஏறும்னு தோணுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு உங்க டீம்ல யார் முடிவெடுக்கறீங்க? பேஷண்டோட பழைய ரெக்கார்டுல எதை போலீஸ்கிட்ட சொல்லுவீங்க, எதைச் சொல்ல மாட்டீங்க? ரூல் புக் வேணாம், அது என்கிட்டயே இருக்கு, நீங்க நிஜமா என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க.