பெரியப்பா தேர்தலில் நிற்கலாமா? எங்கள் குடும்பக் குரூப்பில் நடந்த பேச்சு

ஓசூர் சித்தப்பா: அண்ணா, நீங்கள் ஊராட்சித் தலைவருக்கு நிற்கப் போவதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று இப்போதுதான் போன் வந்தது. உண்மையா?

பெரியப்பா: யோசனைதான், முடிவு செய்யவில்லை. நாலு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஓசூர் சித்தப்பா: வேண்டாம் அண்ணா. பட்டாளத்தில் 24 வருஷம் இருந்துவிட்டுக் கௌரவமாகத் திரும்பி வந்தீர்கள். இன்றைக்கு ஹவில்தார் ஐயா என்று கூப்பிடுகிற அதே வாய், நாளைக்கு ஒருநாள் குடிதண்ணீர் வரவில்லை என்றால் என்ன பேசும் தெரியுமா?

தம்பி: எனக்கும் அந்தப் பயம் இருக்கு பெரியப்பா. அங்கே உத்தரவு போட்டால் வேலை நடக்கும். இங்கே ஒவ்வொருத்தரிடமும் போய்க் கெஞ்ச வேண்டும்.

பெரியப்பா: உத்தரவு மட்டும் போட்டு எதுவும் நடக்காதுப்பா. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் நாங்கள் பெய்லி பாலம் போடுவோம், இரும்புப் பேனல்களைக் கோத்து அவசரத்துக்குப் போடுகிற பாலம். ஒரு பேனலைத் தூக்க ஆறு பேர் வேண்டும், 250 கிலோவுக்கு மேல் இருக்கும். இருட்டில், மழையில், ஒருத்தன் தோள் இறங்கினால் மற்ற ஐந்து பேருக்கும் அடி. ஆபீசர் கூடவே நனைந்துகொண்டு நின்றால்தான் அந்த வேலை ஓடும். பட்டாளத்திலிருந்து அரசியலுக்குப் போன பி.சி. கண்டூரி சாபை எடுத்துக்கொள். உத்தரகண்ட்காரர், பா.ஜ.க. அவரும் எங்கள் இன்ஜினியர்ஸ் கோர்தான், நான் நேரில் பார்த்தது இல்லை. 1954-லிருந்து 1990 வரை சர்வீஸ், மேஜர் ஜெனரலாக ஓய்வு. அடுத்த வருஷமே கர்வால் தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார், 1996-இல் தோற்றார், 1998-இல் திரும்ப வந்தார். 2000 நவம்பரில் வாஜ்பாய் அவரிடம் சாலைத் துறையைக் கொடுத்தார். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நாலையும் இணைக்கிற தங்க நாற்கரம், 5,846 கிலோமீட்டர். திட்டம் அவர் வருவதற்கு முன்பே ஆரம்பித்ததுதான், பெட்ரோல் டீசலுக்கு லிட்டருக்கு 1 ரூபாய் வரி போட்டுப் பணமும் திரட்டினார்கள். ஆனால் பணம் இருந்தால் மட்டும் ரோடு வந்துவிடாது, தினமும் பின்னாலேயே நிற்க ஒரு ஆள் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிறோமே, அந்த ரோடும் அதில் சேர்ந்ததுதான்.

பர்கூர் அத்தை: அண்ணா, அந்த ரோட்டைப் பற்றி என்னிடம் கேளுங்கள். எங்கள் தோப்பில் பதினோரு பெங்களூரா மாமரம் போனது. மாமனார் வைத்த மரம், நல்ல காய்ப்பு. ரோட்டோரம் இருந்த புளியமரம் எல்லாம் இரண்டே நாளில் போய்விட்டது. நஷ்ட ஈட்டுக்கு எத்தனை தடவை நடந்தோம் என்று கணக்கே இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறையும். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தபோது ஒன்றரை மணி நேரத்தில் வேலூரில் இருந்தோம். அந்தப் பழைய ரோடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

நான்: பெரியப்பா, சத்யேந்திர துபேயை விட்டுவிட்டீர்களே. அதே நாற்கரச் சாலையில் வேலை பார்த்த இன்ஜினியர். முறைகேடு நடக்கிறது, என் பெயரை ரகசியமாக வையுங்கள் என்று பிரதமருக்கே கடிதம் எழுதினார். பெயர் அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது துறை அமைச்சர் கண்டூரிதானே?

பெரியப்பா: ஆமாம்மா. அதை நான் மறைக்க மாட்டேன். என் ஆளுக்கு ஏதாவது ஆனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், பட்டாளத்தில் அதுதான் முதல் பாடம். அந்தப் பையன் விஷயத்தில் அந்த அரசாங்கம் முழுவதும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான், அவரையும் சேர்த்து.

ஓசூர் சித்தப்பா: சரி அண்ணா, கடைசியில் அவருக்கு என்ன கிடைத்தது? உத்தரகண்டில் 2007-இல் முதலமைச்சர் ஆனார். 2009-இல் மக்களவைத் தேர்தலில் ஐந்து தொகுதியும் போனதும் பதவி விலகினார். 2011-இல் திரும்பக் கூப்பிட்டார்கள், முதலமைச்சரையே விசாரிக்கிற மாதிரி லோக் ஆயுக்தா என்கிற ஊழல் விசாரணை அமைப்புக்கு மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருஷச் சட்டமன்றத் தேர்தலில் ‘கண்டூரி ஹை ஜரூரி’, அதாவது கண்டூரி அவசியம் என்று அவர் முகத்தைக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டார்கள். அவர் கட்சிக்கு 31 இடம், காங்கிரஸுக்கு 32. அவரே கோட்துவார் தொகுதியில் காங்கிரஸிடம் தோற்றுப் போனார். அவர் ஒருத்தர் ஜெயித்திருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகி, அவர் கட்சிக்கு 32, காங்கிரஸுக்கு 31 என்று ஆகியிருக்கும். அந்த வலி உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பெரியப்பா: நீ என் மேல் இருக்கிற பாசத்தில் பேசுகிறாய், புரிகிறது. ஆனால் கோட்துவாரோடு அவர் முடித்துக்கொள்ளவில்லை. 2014-இல், 79 வயதில் கர்வாலில் நின்று ஜெயித்தார். நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவுக்குத் தலைவர். 2018 மார்ச்சில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில், ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு என்று ராணுவத் துணைத் தளபதி சொன்னதை அப்படியே போட்டார்கள். ஆட்சியில் இருந்தது அவர் கட்சிதான். அந்த வருஷமே தலைவர் பதவி வேறு ஒருவருக்குப் போனது. எனக்கு அவருடைய ரோட்டைவிட அந்த அறிக்கைதான் பெரிசு. எல்லையில் நிற்கிற பையன் கையில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்ல, அங்கே நின்ற ஒருத்தர் உள்ளே இருக்க வேண்டும்.

தம்பி: நீங்கள் எந்தக் கட்சியில் பெரியப்பா?

பெரியப்பா: ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாதுப்பா. அதனால்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன். உன் பெரியம்மா சம்மதித்துவிட்டாள், பென்ஷன் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஓசூர் சித்தப்பா: அண்ணி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிரியாணி, குவார்ட்டர் என்று எவனாவது ஆரம்பித்தால் உடனே விலகிவிடுங்கள். அப்படி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பர்கூர் அத்தை: நில்லுங்கள் அண்ணா. ஆனால் தேர்தல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த ரோட்டுக்கு அடியில் போகிற சப்வேயில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நேற்று ஒரு பாப்பா வழுக்கி விழுந்து புத்தகம் எல்லாம் நனைந்து, அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பக்கத்து வாய்க்காலில் மண் அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: எத்தனை நாளாக?

பர்கூர் அத்தை: நாலு நாள்.

பெரியப்பா: காலையில் ஆறு மணிக்கு அங்கே இருப்பேன். வீட்டில் கடப்பாரை இருக்கிறதா? மண்வெட்டி நான் எடுத்து வருகிறேன்.

தம்பி: நானும் வருகிறேன் பெரியப்பா, வண்டியில் போகலாம்.

பர்கூர் அத்தை: இருக்கு அண்ணா. களியும் கீரைக் கடைசலும் செய்து வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.