ஒன்றரை மீட்டர் கிடைக்கிறதா? ஜெர்மனியில் சைக்கிள் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

ஸ்டுட்கார்ட்வாசி: ஊருக்குள் சைக்கிளை முந்துகிற கார் குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், ஊருக்கு வெளியே 2 மீட்டர். 2020-லிருந்து இங்கே இது சட்டம். நடக்கிறதா என்று பார்க்க, முந்தும் வண்டி எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அளக்கும் ஓப்பன்பைக்சென்சர் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டினேன். இரண்டு பக்கமும் அல்ட்ராசோனிக் சென்சார். கார் முந்தும்போது ஹேண்டில்பாரில் இருக்கும் பட்டனை நாம்தான் அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரமாக நிற்கும் வண்டி எது, முந்திய வண்டி எது என்று அதற்குத் தெரியாது. கோடே போடாத தெருவில் கார்கள் ஓரளவு ஒதுங்கித்தான் போகின்றன. சைக்கிளுக்கென்று இடைவெளி விட்டு விட்டு வெள்ளைக்கோடு போட்டு சைக்கிள் படம் வரைந்திருக்கிறார்களே, அங்கேதான் சைடு கண்ணாடி முழங்கையை உரசுகிற மாதிரி வருகிறார்கள். அவன்தான் கோட்டுக்குள் இருக்கிறானே, நமக்கென்ன என்ற நினைப்பு போல. கோடு இருந்தாலும் அதே 1.5 மீட்டர்தான், யார் கேட்கிறார்கள்?

பெர்லின் பக்கம்: நான் சிம்ரா ஆப் வைத்திருக்கிறேன், இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. திடீர் பிரேக், சடாரென்று ஒதுங்குவது எல்லாவற்றையும் போனே குலுக்கலை வைத்துக் குறித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து எது உண்மையான ஆபத்து, எது வெறும் கல் பதித்த தெரு என்று நாம் பிரித்துச் சொல்ல வேண்டும், அது கொஞ்சம் சள்ளை. ஆனால் ஒன்றுமே நடக்காத பயணங்களும் பதிவாகின்றன பாருங்கள், அதுதான் முக்கியம். புகாரை மட்டும் எண்ணினால் நிறைய பேர் ஓட்டும் தெருதான் மோசமாகத் தெரியும், பயந்துபோய் யாருமே எட்டிப் பார்க்காத ஆறுவழிச் சாலை வரைபடத்தில் சுத்தமாக இருக்கும்.

கார்ல்ஸ்ரூ: சரி, உங்கள் ஊர் சைக்கிளுக்கு எப்படி என்று ஆடிஎஃப்சி (ADFC) சைக்கிள் சங்கம் நடத்தும் கருத்துக்கணிப்பை யாரும் சொல்லவில்லையே? 27 கேள்விகள், பனி அள்ளுகிறார்களா, பாதையில் கார் நிறுத்தினால் அபராதம் போடுகிறார்களா என்பது வரை. பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரி 1 நன்று, 6 படுமோசம். 2022-இல் சுமார் 2,45,000 பேர் பதில் போட்டு நாட்டுக்குக் கிடைத்தது 3.96, பார்டர் பாஸ். ஊர் எப்படி என்று தெரிகிறது, எந்த முனை ஆபத்து என்று தெரியாது. அதுவும் பெரும்பாலும் பதில் போடுவது என்னைப்போல ஓட்டுகிறவர்கள். பயத்தில் சைக்கிளை நிலவறையில் பூட்டி வைத்திருக்கும் என் மனைவிக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

ஸ்டுட்கார்ட்வாசி: அவரையும் நிரப்பச் சொல்லுங்கள், தினமும் ஓட்டினால்தான் என்று இல்லை. எங்கே பயம் என்று தெருப்பெயரோடு நகராட்சிக்குத் தனியாக எழுதினால் இன்னும் நல்லது.