பிரிட்டனின் ஸ்மால்போர் ரைஃபிள் சுடுகளங்களில் நாங்கள் சந்தித்தவர்கள்

சர்ரேயிலிருந்து ஓர் உறுப்பினர்:

உள்ளூர் ரைஃபிள் சங்கத்தில் நான் தகுதிகாண் உறுப்பினராகச் சேர்ந்தபோது எனக்குப் பயிற்சி கொடுத்தவர், எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உள்துறை அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற சங்கங்களில் முழு உறுப்பினராவதற்கு முன் குறைந்தது மூன்று மாதங்கள் இப்படிப் பிறர் கண்காணிப்பில் பழக வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்தில் சங்கத்தின் ரைஃபிளைத்தான் பயன்படுத்துகிறோம். சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தால் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும், அதற்காக அவர்கள் வீட்டுக்கே வந்து பேசி, துப்பாக்கியை வைக்கும் பூட்டுப் பெட்டியையும் பார்த்துவிட்டுப் போவார்கள். இவ்வளவு கெடுபிடி தேவைதானா என்று நண்பர்கள் கேட்கும்போது, தேவைதான் என்றே நான் சொல்லி வருகிறேன்.

தொடக்க வாரங்களில் அந்த அம்மையார் என்னைப் புள்ளிகளைப் பற்றிப் பேசவே விடவில்லை. இங்கே குளிர்காலம் முழுவதும் கூரைக்குக் கீழே 25 கெஜத் தொலைவில், குப்புறப் படுத்த நிலையில், ஸ்மால்போர் எனப்படும் சிறிய குழல்துளை ரைஃபிளில் .22 (0.22 அங்குல) தோட்டாவைக் கொண்டு சுடுகிறோம். இடது மேற்கையில் மாட்டிய தோல்வார்தான் ரைஃபிளின் எடையைத் தாங்க வேண்டும், தசைகள் தாங்கக் கூடாது என்பதை விளக்க, என் முன்கைக்கு அடியில் தம் விரல்களை வைத்து, எந்த இடத்தில் நான் வீணாக இறுக்கிப் பிடிக்கிறேன் என்று தொட்டுக் காட்டினார். பிறகு, குறி பார்த்த நிலையிலேயே கண்களை மூடி, சீராக மூச்சு விட்டு, மீண்டும் திறக்கச் சொன்னார். திறந்து பார்த்தால், குழலின் முனையில் குறி பார்க்க உதவும் முன்குறி வளையத்தின் நடுவில் நின்றிருந்த கறுப்பு வட்டம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கையால் இழுத்து அதை நடுவுக்குக் கொண்டுவந்தால், டிரிகரை அழுத்தும் நொடியில் உடம்பு தன் இயல்பான இடத்துக்கே திரும்பிவிடும் என்றும், இடது முழங்கையை இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டு இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும் என்றும் அவர் சொன்னார். நகர்த்தினேன், வட்டம் தானாக நடுவுக்கு வந்து நின்றது. இந்த விளையாட்டில் நான் கற்றவற்றில் இதைவிட மேலான பாடம் வேறொன்று இல்லை.

ஓர் அட்டையில் பத்துக் கறுப்பு வட்டங்கள் இருக்கும். வட்டத்துக்கு ஒரு தோட்டா, மொத்தம் 100 புள்ளிகள். எனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, அந்த அம்மையார் தம் கனத்த கான்வாஸ் சட்டையின் வார்ப்பூட்டுகளைப் பூட்டிக்கொண்டு, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட ஆரம்பித்தார். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த 1901-இல், பிரிட்டிஷ் தளபதி லார்டு ராபர்ட்ஸின் ஆதரவோடு, உழைக்கும் ஆண்களின் ரைஃபிள் சங்கங்களுக்கென்று தொடங்கப்பட்ட அமைப்புதான் இன்றைய தேசிய ஸ்மால்போர் ரைஃபிள் சங்கம். ஆண்களை மனத்தில் கொண்டு பிறந்த ஓர் ஏற்பாட்டில், அன்று மாலை எங்கள் களத்தின் மிக உயர்ந்த புள்ளியை எடுத்தவர் அவர்தான் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

யார்க்‌ஷயரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் சொன்ன அந்த அட்டைகள் சுட்ட பிறகு எங்கே போகின்றன என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் ஒரு பங்கு என் வீட்டுக்கு வருகிறது. பிரிட்டனில் ஸ்மால்போர் போட்டிகளில் பெரும்பகுதி அஞ்சல் வழி நடக்கும் லீக்குகள்தாம். எதிராளியை நேரில் பார்க்காமல், அவரவர் களத்தில் சுட்டு, உடனிருந்த ஒருவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்து அட்டையை அனுப்ப வேண்டும்; சராசரிப் புள்ளிகளைக் கொண்டு பிரிவுகள் பிரிக்கப்படுவதால், புதியவர் தமக்கு நிகரானவரோடுதான் மோதுகிறார். என்னைப் போன்ற தன்னார்வலர்கள் உருப்பெருக்கியும் அளவுமானியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையையும் அளந்து புள்ளி இடுகிறோம். 25 கெஜ அட்டையில் கணக்கு கொஞ்சம் கறாரானது: துளையின் விளிம்புகளில் மையத்திலிருந்து எது தொலைவில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் புள்ளி.

கார்ன்வாலிலிருந்து ஒருவருடைய அட்டைகள் பல குளிர்காலங்களாக எனக்கு வந்துகொண்டிருந்தன. ஒருமுறை அவருடைய அட்டையில் ஏழாம் வட்டத்துக்கு அருகே பென்சிலால், “நான் பார்த்தவரை இது 9” என்று எழுதியிருந்தது. வெறும் கண்ணுக்கு அது 10 போலவே இருந்தது; அளவுமானியைச் செருகிப் பார்த்தபோது மயிரிழை அளவுக்குக் கோட்டைத் தாண்டியிருந்தது. அந்தச் சுற்றில் அவர் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்.

ஆகஸ்ட் மாதம் சர்ரேயில் உள்ள பிஸ்லி சுடுகளத்தில் நடக்கும் தேசியப் போட்டியில், 50 மீட்டர் வரிசையில் என் பக்கத்து இடம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்ததைப் பெயர்ப் பட்டியலில் கண்டு, போட்டிக்கு முன்பே போய்க் கைகொடுத்தேன். 50 மீட்டரில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், தோட்டாவுடையது 5.6, திறந்த வெளியில் சாதாரணக் காற்றே அதை எளிதாக வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும். காற்றின் போக்கைக் காட்டும் கொடிகளில் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் பறந்த ஒரு கட்டத்தில், வரிசையில் பலர் பொறுமையிழந்து சுட்டுக்கொண்டிருக்க, அவர் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கி வைத்து, காற்று பழைய போக்குக்குத் திரும்பும்வரை கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் குறிப்பு எழுதிய அதே மனிதர்தான் என்று எனக்குத் தோன்றியது. இப்போது நாங்கள் கடிதம் எழுதிக்கொள்கிறோம். அவருடைய அட்டைகளுக்குப் புள்ளியிடும் வேலையை நான் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

எடின்பரோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் சங்கத்தின் இளையோர் பிரிவில் இருக்கும் அவள் சோனைட் மெக்கின்டாஷைப் பார்த்து வளர்ந்தவள். சோனைட் 2018-இல் சாங்வானில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். அவருடைய அக்கா ஜென் 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் அதே நிலையில் தங்கம் வென்றார். அவர்களுக்கும் முன்பு, 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில், படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியில் மால்கம் கூப்பர் தங்கமும் எங்கள் ஸ்காட்லாந்தின் அலிஸ்டர் ஆலன் வெள்ளியும் வென்றனர். இவ்வளவு பேர் நடந்த பாதையில் தானும் போக வேண்டும் என்று அவள் ஆசைப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் பாதை குறுகிவிட்டது. படுத்த நிலைப் போட்டி 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் துப்பாக்கி சுடுதலே இடம்பெறவில்லை, 2026 கிளாஸ்கோ பட்டியலிலும் அது சேர்க்கப்படவில்லை. சொந்த நாட்டு மண்ணில் நடக்கும் விழாவில் அவளுடைய விளையாட்டுக்கு இடமில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஒலிம்பிக்கை எட்ட வேண்டுமானால் அவள் மண்டியிட்டும் நின்றும் சுடப் பழக வேண்டும். எங்கள் களமோ படுத்துச் சுடுவதற்கு மட்டுமே அனுமதி பெற்றது. நின்றால் குழல் இருக்கும் உயரத்துக்கு ஏற்ற தடுப்புச் சுவர்கள் அங்கே இல்லை. அதனால் பெற்றோரில் ஒருவரும் சங்கத்தில் ஒருவருமாக முறை வைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் வேறு ஊரில் இருக்கும் களத்துக்கு அவளைக் காரில் அழைத்துப் போகிறோம். தடுப்பை உயர்த்தினால் எங்கள் கட்டடத்திலேயே நின்று சுட அனுமதி கிடைக்குமா என்று சங்கக் குழு இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு பழைய களத்தை மாற்றி அமைத்த சங்கத்தில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், அந்த வேலையை எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.