கிளாரிஃபையரில் கசடு மிதந்து ஆற்றுக்குப் போகிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி: சிறிய டவுன் கழிவுநீர் பிளான்ட். மதியத்துக்கு மேல் கிளாரிஃபையரில் (கசடு அடியில் படியும் தொட்டி) கசடு கட்டிகட்டியாக மேலே வந்து, வெளியேறும் தண்ணீரோடு ஆற்றில் கலக்கிறது. 30 நிமிட ஜாடி சோதனையில் நன்றாகத்தான் படிகிறது. பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. இருக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1: ஜாடியை 30 நிமிடத்தில் கொட்டிவிடாமல் 2 மணி நேரம் வையுங்கள். படிந்த கசடு மேலே எழும்பி, குச்சியால் கலக்கியதும் குமிழி விட்டுத் திரும்ப அமுங்கினால் அது நைட்ரஜன் வாயுதான். அடியில் கசடு தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா, ஏரேஷனில் அம்மோனியாவிலிருந்து உருவான நைட்ரேட்டை உடைக்கிறது. அந்தக் குமிழிதான் கசடைத் தூக்குகிறது. படிந்த கசடை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்பின் ஓட்டத்தைக் கூட்டி, கசடை அடியில் தங்கவிடாமல் எடுங்கள். அடியில் கசடை வழிக்கும் ஸ்கிரேப்பரின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

பதில் 2: மேலே சொன்னது சரி. ஆனால் நைட்ரேட்டே வராமலிருக்கக் காற்றைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து! அம்மோனியா அப்படியே ஆற்றுக்குப் போகும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பிளான்ட் கொடுக்காததை ஆறு கொடுக்க வேண்டியிருக்கும். பி.எச். ஏற ஏற அம்மோனியா மீனுக்கு இன்னும் கடுமையான விஷமாகிறது. ஏரேஷனுக்கு முன்னால் காற்றில்லாமல் கலக்கி மட்டும் ஓடும் பகுதி ஒன்றை ஒதுக்கி, நைட்ரேட் உள்ள கலவையை அங்கே திருப்பி விடுங்கள். நைட்ரஜன் அங்கேயே வெளியேறிவிடும்.

பதில் 3: அதுவரை வெளியேறும் விளிம்புக்கு முன்னால் தடுப்புத் தகடு கட்டி, மிதப்பதை அள்ளி எடுங்கள். கசடு கலந்த நீரில், கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் சரியாக வேலை செய்யாது. அதற்காக டோஸை ஏற்றினால், மிஞ்சும் குளோரின் மீனைக் கொல்லும். சோடியம் பைசல்பைட் போட்டு நீக்கிய பிறகே ஆற்றில் விடுங்கள்.