ஹமார்ட்டோமா: பிழைத்திசுவா, தன்திசுவா, பிறழமைவா?

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

மண்ணீரல் ஹமார்ட்டோமாவுக்கு, அதாவது மண்ணீரலின் சொந்தத் திசுவே ஒழுங்கு மாறிப் பெருகிய தீங்கற்ற வளர்ச்சிக்கு, தமிழ்ச்சொல்லாகத் தாங்கள் முன்மொழிந்த 'பிழைத்திசுக் கட்டி' மூலத்துக்கு நெருக்கமானதே. 1904-இல் ஜெர்மானிய நோயியலாளர் ஆல்பிரெக்ட் பெயரிட்டபோது பிழை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதை ஆக்கினார். ஆயினும் தங்கள் சொல்லின் 'பிழை', 'கட்டி' என்னும் இரு பாதிகளோடும் எனக்கு உடன்பாடில்லை.

பாளையங்கோட்டையானாலும் அம்பாசமுத்திரமானாலும், கட்டி என்றதும் 'பழுத்துவிட்டதா, உடைந்ததா' என்றுதான் கேட்பார்கள். சீழ் கோக்காமல், வலியில்லாமல், இருந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும் புடைப்புக்குக் கழலை என்ற சொல் உண்டு. சித்த மருத்துவமும் அதை ஆள்கிறது. மண்ணீரலின் தீங்கற்ற வளர்ச்சிகள் பெரும்பாலும் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுபவை என்பதால் அதுவே பொருத்தம். குருதிக்குழாய்க் கழலை, நிணநீர்க்குழாய்க் கழலை என்று இனமான பிறவற்றுக்கும் அது இசையும்.

'பிழை'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையை நோயாளியின் மகனே முதலில் பிரித்துப் படிக்கும் ஊரில், யார் செய்த பிழை என்ற கேள்வி உடனே வரும்.

சங்கரன்கோவில் அன்பர் முன்மொழிந்த 'தன்திசுக் கழலை', ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை தரும் படிமவியலாளரைக் கவரக்கூடியது. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத சி.டி. படத்தில் இக்கழலை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணீரலின் அடர்த்தியிலேயே கலந்திருக்க, உறுப்பின் விளிம்பு சற்றுப் புடைத்திருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும். மருந்து செலுத்தியபின் எம்.ஆர்.ஐ. படங்களில் தொடக்கத்தில் திட்டுத்திட்டாக ஒளிர்ந்து, பிந்திய படங்களில் பெரும்பாலும் சீராகிவிடும். (நலமான மண்ணீரலே, மருந்து தமனிகளில் ஓடும் தொடக்கத் தமனிக் கட்டத்தில் வரிவரியாகத் தெரியும், அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துக் கழலை என்று எழுதிவிடலாகாது.)

ஆனால் 'தன்திசு' என்றால் அது துணை மண்ணீரலையும் குறிக்கும். துணை மண்ணீரல் வெளியே தனித்து உருண்டிருந்தாலும், எல்லாக் கட்டங்களிலும் தாய் உறுப்பைப் போலவே மருந்தை ஏற்கும் ஒழுங்கான திசு. ஹமார்ட்டோமாவிலோ செங்கூழின், அதாவது மண்ணீரலில் குருதி நிறைந்த பகுதியின், கூறுகள் இருக்கும். நிணநீர்த் திசுவாலான வெண்கூழ் முறையாக அமைந்திராது. சரக்கு அதுவே, அடுக்குத்தான் மாறிவிட்டது. ஆகவே 'பிறழமைவுக் கழலை' என்பது என் முன்மொழிவு. பிறழ்தலில் ஆல்பிரெக்டின் கருத்தும் தங்கும், எவர்மீதும் குற்றமும் ஏறாது.

படிமத்தை மட்டும் கொண்டு இதைப் பிற கழலைகளிலிருந்து உறுதியாகப் பிரிப்பது எல்லா நேரமும் இயலாது. குருதிக்கசிவுக்கு அஞ்சி ஊசித் திசு ஆய்வுக்கும் பலர் தயங்குவர். எனவே அறிக்கையில் 'பிறழமைவுக் கழலையாக இருக்கலாம்' என்னும் ஐயவாய்பாட்டையே வழக்காக்க வேண்டும் என்பதையும் சொல்லின் விளக்கத்தோடு சேர்த்துப் பதியலாம்.

செங்கூழின் குருதிப்பைகளுக்குக் கரைபோல் அமைந்த உயிரணுக்களிலிருந்து தோன்றுவதாக 1991-இல் விவரிக்கப்பட்ட இன்னொரு மண்ணீரல் கழலையான லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவுக்குக் 'கரையணுக் குழாய்க்கழலை' என்று குறித்து வைத்திருக்கிறேன். அது தங்களுக்கு நீளமாகப் படுகிறதா?